இரண்டாவது கயிறு

"உன் தம்பிகிட்ட நீதான் பேசணும். நான் சொன்னா சிரிக்கிறான்."

ஒரு வியாழக்கிழமை இரவு. நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, அம்மா அழைத்துவிட்டார். காரணம் ஒரு காணொளி. தம்பி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். இருபது வினாடிதான். பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் வெறும் காற்றில் தொங்குகின்றன. கீழே ஒரு சாலை, அதில் தீப்பெட்டி அளவில் கார்கள், அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை. பின்னணியில் யாரோ பழைய பாட்டு ஒன்றை விசிலடிக்கிறார்கள்.

அதுவரை அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகனுக்கு 'பில்டிங்ல பெயிண்ட் வேலை' என்பதுதான். அது பொய்யில்லை. பெயிண்ட் அடிக்கும்போது காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். நானும் சொல்லவில்லை.

வானொலியில் என் வேலைகளில் ஒன்று செய்தி வாசிப்பது. உயரத்திலிருந்து தவறி விழுந்து தொழிலாளி மரணம் என்ற வகைச் செய்தி அவ்வப்போது வரும். பதினைந்து வினாடியில் வாசித்துவிடலாம். அடுத்தது போக்குவரத்து நிலவரம், அதன் பிறகு பாட்டு. வாசிக்கும்போது குரல் தடுமாறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தடுமாறியதும் இல்லை. ஆனால் அந்தக் காணொளிக்குப் பிறகு, மறுநாள் காலைச் செய்திக் கட்டைக் கையில் எடுக்கும்போது அப்படி ஒன்று அதில் இருந்துவிடக் கூடாதே என்று முதல் முறையாக மனம் அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். ஆயர் குரோ சுங்கச் சாவடியைத் தாண்டும்போது வானம் வெளுத்திருந்தது.

மலாக்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகவோ கீழேயோதான் பார்ப்பார்கள். சிவப்புக் கட்டடங்கள், ஜோங்கர் தெரு, செண்டோல் கிண்ணம், ஆற்றுப் படகு. பழைய நகரம் குள்ளமானது, அதன் அழகே அதுதான். ஆனால் கடலைத் தூர்த்த நிலத்திலும் அதன் ஓரத்திலும் கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த ஹோட்டல்களையும் அடுக்குமாடிகளையும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். கடலை ஒட்டிய ஊரில் உப்புக் காற்று சுவரைச் சும்மா விடாது. பெயிண்ட் வெளுக்கும், சிமெண்ட் பூச்சு விரியும், கண்ணாடியில் வெள்ளை படியும், ஜன்னல் ஓரத்து ரப்பர் காய்ந்து மழைநீர் உள்ளே வரும். அதையெல்லாம் யாராவது வெளியிலிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

தம்பி வேலை செய்த கட்டடம் முப்பது மாடிக்குக் கொஞ்சம் மேல். ஏழரை மணிக்கு அதன் அடியில் நான்கு பேர் சாமான்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் மூவாரைச் சேர்ந்த மலாய்க்காரர், எல்லாருக்கும் அவர் 'அபாங்'. கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டி பூ கட்டிய பிறகு சரத்தை ஒரு தடவை உருவிப் பார்ப்பார். அதே மாதிரி.

"ரெண்டு கயிறு அக்கா, எப்பவுமே ரெண்டு" என்று தம்பி ஆரம்பித்தான். ஒன்று வேலைக் கயிறு. அதில்தான் உட்கார்ந்து இறங்குவார்கள். இன்னொன்று பாதுகாப்புக் கயிறு. அதில் எடையே ஏறாது. ஆள் இறங்க இறங்க அதில் ஒரு சின்னக் கருவி கூடவே வழுக்கிக்கொண்டு வரும், திடீர் இழுப்பு வந்தால் கவ்விக்கொள்ளும். இரண்டு கயிறும் மொட்டைமாடியில் தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தூரிகை, வாளி, சுரண்டி என்று கையில் எது இருந்தாலும் அதற்கும் ஒரு சிறு கயிறு உண்டு. நூறு மீட்டரிலிருந்து விழும் சுரண்டி கீழே நடந்து போகிறவருக்குச் சுரண்டியாக வந்து சேராது. அதனால் கீழே தடுப்புக் கயிறு கட்டி ஓர் ஆள் காவல் நிற்பார்.

இந்த முறைக்குப் பின்னால் இராட்டா என்ற சங்கம் இருக்கிறது. 1980களின் இறுதியில் பிரிட்டனில் தொடங்கியது, இன்று உலகம் முழுவதும் இந்த வேலைக்கு அதன் சான்றிதழைக் கேட்கிறார்கள். முதல் நிலைக்கு நான்கு நாள் பயிற்சி, பிறகு தேர்வு. இரண்டாம் நிலைக்குப் போக ஒரு வருட அனுபவமும் கயிற்றில் ஆயிரம் மணி நேரமும் வேண்டும். மூன்றாம் நிலைக்கு மேலும் ஒரு வருடம், மேலும் ஆயிரம் மணி நேரம். ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு சிறிய புத்தகத்தில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தம்பி தன்னுடையதைக் காட்டினான். தோட்டத்துச் செக்ரோல் மாதிரி இருந்தது. பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக்கூட முழுசாக எழுதி முடிக்காதவன் இதை ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறான்.

"எதுக்குப் பயப்படுவே?" என்று கேட்டேன். கயிறு என்பான் என்று நினைத்தேன்.

"விளிம்பு" என்றான். மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி முதல் அடி வெளியே வைக்கிற அந்த நிமிடம். கயிறு சுவரின் கூர்மையில் மடிகிற இடம். அங்கே தடித்த உறை போடாமல் விட்டால், ஆள் இடமும் வலமுமாக நகர நகர ரம்பம் மாதிரி அறுக்கும். அதற்கு அடுத்தது காற்று. நம் மேற்குக் கரைக்காரர்களுக்குச் 'சுமத்ரா' தெரியும். நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரிசையாக வரும் புயல்மேகக் கூட்டம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அடிக்கடி வரும். சில நிமிடங்களில் காற்று எகிறிவிடும், இடியும் மழையும் பின்னாலேயே வரும். வீட்டில் இருப்பவர்களுக்குத் துணி எடுக்க ஓடும் வேலை. இருபதாம் மாடிக்கு எதிரே தொங்குகிறவனைச் சுவரில் பந்துபோல் அடிக்கும். அதனால் காலையில் எழுந்ததும் தம்பி முதலில் பார்ப்பது வாட்ஸ்அப் அல்ல, மழைமேக ராடார் படம்.

அபாங் இன்னொன்றையும் சொன்னார். இதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. விழுந்தவரைக் கயிறு பிடித்துவிட்டது, உயிர் தப்பியது என்று நாம் நிம்மதியடைவோம். ஆனால் மயங்கியோ அடிபட்டோ அசையாமல் பாதுகாப்பு வாரில் தொங்குகிறவருக்குக் கால் தசைகள் வேலை செய்யாது. இரத்தம் கால்களிலேயே தேங்கும், மூளைக்குப் போவது குறையும், சில நிமிடங்களிலேயே ஆபத்தான கட்டம் வந்துவிடலாம். பொம்பாவைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாது. ஆகவே மேலே போகும் ஒவ்வொரு குழுவிலும், தொங்குகிறவரைத் தாங்களே இறக்கத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். இவர்கள் மாதம் ஒருமுறை மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பழகுகிறார்களாம். போன மாதம் மணல் மூட்டைக்குப் பதில் தம்பி தொங்கினானாம். அம்மாவிடம் சொல்லாதே என்றான்.

அவன் மேலே போனான். கீழே நின்று பார்த்தேன். விளிம்பைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். திறந்தபோது அவன் சுவரில் ஒரு பல்லி அளவில் இருந்தான், வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தான்.

பத்து மணித் தேநீருக்கு இறங்கியதும் வந்த விஷயத்தை எடுத்தேன். அம்மா பயப்படுகிறார், வேறு வேலை பார்க்கலாமே, உனக்கும் முப்பது ஆகப் போகிறது என்றெல்லாம் சுற்றிவளைத்துப் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்: "மாமா எத்தனாவது மாடியிலேர்ந்து விழுந்தாரு அக்கா?"

மாமா எந்த மாடியிலிருந்தும் விழவில்லை.

ஆயர் மோலேக், பெம்பான் வழியாக ஜாசினுக்குப் போகும் சாலை எனக்கு மனப்பாடம். அம்மாவும், அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும் ஒரே தாமானில் அடுத்தடுத்த வரிசையில் இருக்கிறார்கள். நான் போனபோது மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஊன்றுகோலை முதலில் நாட்டி, வலது காலை இழுத்துச் சேர்த்து, அப்புறம்தான் நிமிர்வார். "உக்காருங்க மாமா" என்று எத்தனை தடவை சொன்னாலும், வருகிறவரை நின்று வரவேற்பதுதான் அவர் வழக்கம்.

2009இல் ஒரு கடையின் பின்பக்கச் சாமான் கிடங்குக்குக் கூரை மாற்றும் வேலை. ஒரு குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொரு குத்தகையாளர், அவருக்குக் கீழே நாள் கூலிக்கு மாமா. பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுகள். தரையிலிருந்து நான்கு மீட்டர் இருக்கும். "நாலே நாலு மீட்டர், பாப்பா. கீழே நின்னவன் கூட நான் பேசிக்கிட்டே இருந்தேன்" என்றார். பேசிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். அடியில் சட்டம் இல்லாத இடம். மழையும் வெயிலும் பட்டுப் பட்டு உளுத்துப்போன தகடு அப்பளம் போல உடைந்தது.

எனக்கு வினாடிக் கணக்கு தொழில்பழக்கம். நிகழ்ச்சியில் ஒரு வினாடி மௌனம் விழுந்தாலே கட்டுப்பாட்டு அறையில் தலைகள் திரும்பும். நான்கு மீட்டரிலிருந்து விழ ஒரு வினாடிகூட ஆகாது. சுமார் 0.9 வினாடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். தாமானுக்குள் போகிற மோட்டார் சைக்கிளின் வேகம்தான், ஆனால் மோதுவது சிமெண்ட் தரையில். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. தலை ஒரு சாக்கு மூட்டைமேல் பட்டதால் இன்று பேசுகிறார்.

தம்பியின் வேலையோடு இதை ஒப்பிட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நூறு மீட்டரில் இரண்டு கயிறு, விரலால் உருவிப் பார்க்கும் அபாங், கையெழுத்துப் புத்தகம், மீட்கும் பயிற்சி. நான்கு மீட்டரில் ஓர் ஏணி, ஒரு சுத்தியல். உயரம் கூடினால் எல்லாருக்கும் பயம் வருகிறது, பயம் வந்தால் பாதுகாப்புக்குப் பணம் வருகிறது. தாழ்வான கூரைக்கு யாரும் பயப்படுவதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டுக் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளிலும் வழிகாட்டிகளிலும் 'உயரத்தில் வேலை' என்பது இரண்டு மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள எந்த இடமும்தான். கதவு நிலையைவிடக் கொஞ்சம்கூட உயரமில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "ஒரு பெல்ட் மாட்டியிருந்தா தப்பிச்சிருப்பீங்க" என்று மாமாவிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாட்டுவதற்கு எதுவும் தரப்படவில்லை என்பது ஒருபுறம். தந்திருந்தாலும் சரியானதாக இருந்திருக்குமா? காலடியில் மாட்டும் சாதாரண வார், கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம். விழும்போது அதிர்ச்சியைத் தாங்க அதிலுள்ள மடிப்பு பிரிந்து மேலும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை நீளும். அதோடு மனிதனின் உயரமும் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால், ஆறு மீட்டர் போல வெற்றிடம் கீழே இருந்தால்தான் அது காப்பாற்றும். நான்கு மீட்டர்க் கூரையில் வார் இழுத்துப் பிடிப்பதற்குள் ஆள் தரையைத் தொட்டுவிடுவார். அங்கே தேவைப்படுவது சாரம், ஓரத் தடுப்பு, உளுத்த தகட்டின்மேல் போட்டு நடக்கப் பலகை, தகட்டுக்கு அடியில் வலை. பலகையின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதை ஏற்றி இறக்க அரைநாள் கூலி ஆகும்.

விபத்துக்குப் பிறகு மேலே இருந்தவர் கீழே இருந்தவரைக் காட்டினார். கீழே இருந்தவர், இவர் என் ஆள் இல்லை, அன்றைக்கு மட்டும் கூப்பிட்டேன் என்றார். சொக்சோவில் பெயர் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இலிருந்து இருக்கிறது. பெயர் பதியாதவருக்கும் உரிமை கேட்க வழி உண்டு என்று சொல்ல அன்று அவருக்கு யாரும் இல்லை. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தேன். 'சமூகத்தில் ஊடகத்தின் பங்கு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய வருடம் அது. மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுக்கத் தோன்றவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 2017இல் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு, பிறகு மற்ற துறைகளுக்கும் விரிந்தது. தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர் தானே பதிந்துகொள்ளலாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறொன்று. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குச் சொல்லியும் அவர் அதைச் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இதை மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "விலகினா மறுநாள் கூப்பிட மாட்டான் பாப்பா" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, "தோட்டம் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார். அசஹான் பக்கமாகப் போகும் சாலை. எதிரே குனோங் லேடாங், 1,276 மீட்டர். வார இறுதியில் மக்கள் பொழுதுபோக்குக்காக ஏறும் உயரம். இந்தப் பக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் போட்டவர் டான் சாய் யான். அதன் பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்ததன் வேர் ஒருவகையில் இந்தச் செம்மண்ணில் இருக்கிறது.

இன்று ரப்பர் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், மற்றதெல்லாம் செம்பனை. அம்மா பிறந்த லயம் இல்லை. கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் கைகாட்டி, "அங்கதான் தென்னந்தோப்பு" என்றார். என் கண்ணுக்குச் செம்பனை மட்டுமே தெரிந்தது.

தாத்தா அந்தத் தோப்பில் கள் இறக்கியவர். ரப்பர் தோட்டத்தில் தென்னை எதற்கு என்று கேட்காதீர்கள், தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு. கள்ளைப் பற்றி நம்மிடம் எத்தனையோ பேச்சு உண்டு. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடியது. அந்தக் கோரிக்கைகள் நியாயமானவை, கூலியெல்லாம் அங்கேதான் போனது. ஆனால் அந்தக் கள் மரத்தின் உச்சியிலிருந்து எப்படிக் கீழே வந்தது, யார் கொண்டுவந்தது என்று நான் எங்கும் படித்ததில்லை. அம்மாதான் சொன்னார்.

ஒரு மரத்துக்கு ஒரு நாளில் இரண்டு முறையாவது ஏற வேண்டும். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் இதமாகத் தட்டி, நுனியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவினால்தான் சாறு சொட்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் மழை என்று விடுமுறை கிடையாது, காய்ச்சல் என்றும் கிடையாது. காலில் தளைக்கயிறு, இடுப்பில் கத்திப் பெட்டி, முதுகுப் பக்கம் முட்டி. நெட்டைத் தென்னை இருபது மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது, ஏழு மாடி உயரம். மேலே போனதும் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீவ வேண்டும். மட்டை பழுத்ததா பச்சையா என்று பார்க்காமல் கை வைத்தால் அது கையோடு வந்துவிடும். பாளைக்குள் தேள் இருக்கும், குளவி இருக்கும். குளவி கொட்டினாலும் கையை உதறக் கூடாது.

"அப்பா நெஞ்சுல தோல் மாட்டுத் தோல் மாதிரி இருக்கும். சின்னப்பிள்ளையில அதுலதான் நான் தலை வச்சுத் தூங்குவேன், குத்தும்" என்றார் அம்மா.

தாத்தா விழவில்லை. எழுபது வயதுக்குமேல் படுக்கையில்தான் இறந்தார். விழுந்தவர் அவரோடு மரமேறிய இன்னொருவர். மழை நின்ற ஒரு காலை, வழுக்கு. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அவர் மனைவியை அடுத்த வாரமே புல்வெட்டுக் கும்பலில் சேர்த்தார்கள். பிரட்டுக்கு அவர் வெள்ளைச் சேலையில் வந்து நின்றது அம்மாவுக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் ஏறிய மரங்களைத் தாத்தாவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அன்று மாலையே தாத்தா அந்த மரத்தில் ஏறினார். பாளை அடைத்துக்கொள்ளுமே.

பாட்டிக்கும் உயரம் உண்டு. பால்மரத்தின் கீழ்ப்பட்டை தேய்ந்த பிறகு, மறுநடவுக்கு முன் மேல்பட்டையில் வெட்டுவார்கள். அதற்கு ஒரு சின்ன ஏணி. விடியாத இருட்டில், தலைவிளக்கோடு, ஏணியைத் தோளில் சுமந்து மரத்துக்கு மரம் சாய்த்து, ஏறி, வெட்டி, இறங்கி. நூற்றுக்கணக்கான முறை. பாட்டியின் இடது மணிக்கட்டு வளைந்திருந்தது அப்படி விழுந்ததால்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பாட்டி அதை ஒரு விபத்தாகவே சொன்னதில்லை.

செம்பனைக்கு ஏறத் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் உயரம் விட்டுவிடவில்லை. நாங்கள் நின்றிருந்தபோது ஓர் இளைஞர், இந்தோனேசியர் என்று நினைக்கிறேன், நீண்ட அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாளை மாட்டிக் குலையை அறுத்துக்கொண்டிருந்தார். கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து, குலை விழுகிற கணத்தில் பக்கவாட்டில் ஒரு நடை. பத்திலிருந்து இருபத்தைந்து கிலோ எடை, முள் வேறு. மரம் இருபத்தைந்து வயதுவாக்கில் வெட்டப்படுவதற்கு விளைச்சல் குறைவது மட்டும் காரணமில்லை, கம்பம் எட்டாத உயரம் ஆகிவிடுவதும்தான். அந்த அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. சாலையோர வரிசை மரங்களுக்கு மேலே கம்பி போவதை அன்று நான் எண்ணிப் பார்த்தேன். அவர் அண்ணாந்து குலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு விடுமுறை. அம்மா ஒரு விஷயம் கேட்டார். மெனாரா தாமிங் சாரியில் ஏற வேண்டும். இத்தனை வருடம் மலாக்காவில் இருந்தும் அம்மா ஏறியதில்லை.

பண்டார் ஹிலிரில் நிற்கும் அந்தச் சுழல் கோபுரம் 110 மீட்டர். 2008இல் திறந்தார்கள். முதலில் கட்டத் தொடங்கிய இடத்தில் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டதால், கோபுரம் இடம் மாறியது. வட்டமான கூண்டு, கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம். சுழன்றுகொண்டே 80 மீட்டருக்கு ஏறும், கொஞ்சம் நிற்கும், இறங்கும். மொத்தம் ஏழு நிமிடம்.

மாமா வரவில்லை. "நான் பார்த்தது போதும்" என்றார். ஆனால் நான் கிளம்பும்போது கையைப் பிடித்து, "அவனைப் போகாதேன்னு சொல்லாதே. ரெண்டு கயிறு இல்லாத இடத்துல நிக்காதேன்னு சொல்லு. சம்பளம் வேணாம்னு இறங்கி வந்துடச் சொல்லு, மாமா சொன்னேன்னு சொல்லு" என்றார்.

கூண்டு கிளம்பியதும் அம்மா தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். ஆறு, செயின்ட் பால் குன்று, சிவப்புக் கூரைகள், கடல் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தன. உச்சியில் நின்றதும் அம்மா கேட்டார்:

"உன் கட்டடம் எது?"

தம்பி கடல் பக்கம் காட்டினான். அது எங்களைவிட உயரமாக நின்றது. அம்மா அதன் அடியிலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போனார். விளிம்பு வந்ததும் நிறுத்தினார்.

"கயித்தை எங்க கட்டுவீங்க?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள தூணில், இன்னொன்று லிஃப்ட் அறைச் சுவரில் பதித்த இரும்பு வளையத்தில். வளையத்தை யார் சோதித்தது என்று அம்மா கேட்டார். அந்த அபாங் எந்த ஊர், வீட்டில் எத்தனை பிள்ளைகள், சனிக்கிழமை சாயங்காலம் களைத்துப்போன பிறகும் அவர் கயிற்றை உருவிப் பார்ப்பாரா என்று கேட்டார். கூண்டு இறங்கத் தொடங்கிவிட்டது. அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். தரைக்கு வந்து கதவு திறந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் நாங்கள் மூவரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். தம்பி என் கைப்பையின் வாரை எடுத்து, விளிம்பில் உறை எப்படிப் போடுவார்கள் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.